தொப்பியின் உள்பட்டை

பழைய ராணுவத் தொப்பியை என்னிடம் கொண்டு வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கதையைத்தான் எடுத்து நீட்டுவார்கள். இது பர்மாவில் சண்டை போட்ட அதிகாரியுடையது, இது ஒரு கர்னலின் மனைவி பெட்டியில் பூட்டி வைத்திருந்தது, இது லண்டனில் ஏலம் போனது. நான் கையைக் காட்டி நிறுத்திவிடுவேன். கதையை அப்புறம் கேட்கிறேன், தொப்பியை மேசைமேல் வையுங்கள் என்பேன். சிலருக்கு முகம் சுருங்கிப் போகும். போகட்டும். கதை கேட்டுவிட்டுத் தொப்பியைப் பார்த்தால், கண் அந்தக் கதைக்கு ஏற்றதை மட்டும்தான் தேடும். என் கண்ணே அப்படி என்னை ஏமாற்றியிருக்கிறது.

மலேசியாவில், ஜொகூர் பாருவில் ஏற்றுமதிக்குத் தொப்பி தைக்கும் ஒரு தொழிற்சாலையில், தரம் பார்க்கும் பிரிவில் வருஷக்கணக்காக இருந்தேன். விளையாட்டுத் தொப்பி, பள்ளிக்கூடத் தொப்பி, காவலாளித் தொப்பி என்று எல்லாம் என் கையைத் தாண்டித்தான் பெட்டிக்குள் போகும். பிறகு தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். ஆனால் எந்தத் தொப்பியைக் கண்டாலும் திருப்பிப் போட்டு உள்ளே பார்க்கும் புத்தி மட்டும் என்னை விட்டுப் போகவில்லை. கல்யாண வீட்டில் மாப்பிள்ளைத் தலைப்பாகையைத் திருப்பிப் பார்த்து என் வீட்டுக்காரரிடம் திட்டு வாங்கியிருக்கிறேன்.

இந்தப் புத்திதான் என்னைப் பாயிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. ஸ்கூடாயில், பல்கலைக்கழகப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சாப்பிடும் ஒரு கடைக்கு அவர் முதலாளி. கல்லாவுக்குப் பின்னால், மற்ற கடைகளில் சாமி படமோ சுல்தான் படமோ மட்டும் இருக்கும் இடத்தில், இவர் ஒரு நீளமான கண்ணாடி அலமாரி வைத்து அதில் தொப்பிகளை அடுக்கியிருந்தார். நானும் வீட்டுக்காரரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை தோசை சாப்பிடப் போனபோது, பணம் கட்ட நின்ற நான், அந்த வெள்ளைக்காரன் தொப்பியில் சின்னத்தைத் தைத்திருக்கும் நூல் புது நூல் என்று சொல்லிவிட்டேன். யாரும் கேட்கவில்லை. எனக்கு வாய் சும்மா இருக்காது. பாய் முகத்தில் ஈயாடவில்லை. அன்றைக்கே எங்களுக்குள் சண்டை வந்திருக்க வேண்டும். அவரோ கல்லாவைத் தம்பியிடம் விட்டுவிட்டு, அலமாரியைத் திறந்து ஒவ்வொரு தொப்பியாக என் முன்னால் வைக்க ஆரம்பித்தார். தோசைக்குப் பணம் வாங்க மறந்தே போனார்.

அவர் ஆசை வித்தியாசமான ஆசை. உலகத்துத் தொப்பியெல்லாம் அவருக்கு வேண்டாம். தன் கடை வாசலில் போகிறதே அந்தச் சாலை, அதில் எந்தெந்தப் படை நடந்து போனதோ அந்தப் படைகளின் தொப்பி ஒவ்வொன்று வேண்டும். வெள்ளைக்காரன் தொப்பி இருந்தது. ஒரு பக்கம் மடித்த ஆஸ்திரேலியத் தொப்பி இருந்தது. கூர்க்காத் தொப்பி இருந்தது. ஜப்பான்காரன் தொப்பி மட்டும் கிடைக்கவில்லை. அது இல்லாமல் இந்த அலமாரி பொய் என்று அவரே சொல்வார். வந்தவனை எல்லாம் வைத்துவிட்டு, எல்லாரையும் விரட்டியவனை விட்டுவிட்டால் எப்படி என்பார்.

அதற்காக இரண்டு தடவை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தார். இரண்டும் போலி. தொப்பி சேர்க்கிறவர்கள் கைப்பேசியில் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். அதில் பாய்க்கு நன்றாகக் காது குத்திவிட்டார்கள் என்று சிரித்தார்கள். மனுஷன் கூடவே சிரித்துக்கொண்டார், ஆனால் அவருக்கு வலித்தது எனக்குத் தெரியும். இரண்டாவது போலியை என்னிடமே கொடுத்துவிட்டார். ஒப்பிட்டுப் பார்க்க உதவும் என்று அதை என் வீட்டு வரவேற்பறை அலமாரியில் வைத்தேன். தூசி தட்டுகிற வேலை என் வீட்டுக்காரருடையது. அதையும் சேர்த்துத் தட்டுவார்.

மூன்றாவது தொப்பி அமெரிக்காவிலிருந்து வந்தது. மாமனார் இறந்தபிறகு அவர் வீட்டுச் சாமானைக் கொஞ்சம் கொஞ்சமாக விற்றுக்கொண்டிருந்த ஒருவர் அனுப்பியது. மத்தியானச் சாப்பாட்டுக் கூட்டம் ஓய்ந்து தேநீர்க் கூட்டம் தொடங்குவதற்குள், பாய் அதை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து என் வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார். மடியில் குழந்தையை வைத்திருப்பதைப்போல டப்பாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கதையைச் சொல்ல வாயைத் திறந்தார். நான் கையைக் காட்டினேன்.

பச்சையும் பழுப்பும் கலந்த கம்பளித் துணி. முன்னால் சின்ன மறைப்பு, அதற்கு மேலே மஞ்சள் நட்சத்திரம். பக்கங்களில் காற்றுப் போகச் சிறு துளைகள், அதைச் சுற்றி நூல் தையல். பின்னால் இறுக்கிக் கட்ட ஒரு நாடா. உள்ளே பருத்தி உள்துணி, அதன் விளிம்பில் நெற்றியைச் சுற்றி ஒரு தோல் பட்டை. வியர்வை துணிக்குப் போகாமல் பிடித்துக்கொள்வதற்கு வைக்கும் உள்பட்டை அது.

முதலில் நீல விளக்கை அடித்துப் பார்த்தேன். இந்தக் காலத்து நூலாக இருந்தால் அந்த வெளிச்சத்தில் பளீரென்று வெளுத்துத் தெரியும். இது இருண்டே கிடந்தது. தொங்கிக்கொண்டிருந்த ஒரு நுனி நூலைக் கிள்ளி எரித்தேன். உருகிக் குமிழாகாமல் சாம்பலாகிப் போனது, பருத்தி நூல்தான். மறைப்பின் ஓரத்தைப் பார்த்தேன். தொப்பியைக் கழற்றுகிறவன் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒரே இடத்தில்தான் படும். அந்த இடம் மட்டும் தேய்ந்திருந்தது. போலி செய்கிறவன் உப்புத்தாளை எடுத்துச் சுற்றிலும் ஒரே சீராகத் தேய்த்துவிடுவான், பாவம், அவனுக்குப் பொறுமை இருக்காது. எனக்கு உள்ளுக்குள் உச்சி குளிர்ந்துகொண்டே வந்தது. ஆனால் பாயிடம் ஒன்றும் காட்டவில்லை.

அப்புறம் தையல் மடிப்பை விரித்தேன். மண் இருந்தது. சாதாரண அழுக்கு இல்லை, மாவு மாதிரி மெல்லிய மஞ்சள் களிமண். மடிப்பு மடிப்பாக உள்ளே படிந்து காய்ந்திருந்தது. நாடாவுக்கு அடியிலும் இருந்தது. என் உற்சாகமெல்லாம் வடிந்துவிட்டது. புதுத் தொப்பியைப் பழசாக்குகிறவர்கள் செய்கிற முதல் வேலை இதுதான். தேயிலைத் தண்ணீரில் முக்குவார்கள், மண்ணைக் குழைத்துப் பூசுவார்கள், வெயிலில் போடுவார்கள். எண்பது வருஷத்து அழுக்கு துணியின் இழைக்குள் போய்ச் சாயம்போல ஊறியிருக்கும். இதுவோ ஊதினால் பறந்தது. பழைய நூலையும் பழைய துணியையும் தேடிப் பிடித்துச் செய்கிற கெட்டிக்காரர்களும் இருக்கிறார்கள். அப்படி ஒருவனிடம் பாய் மாட்டியிருக்கிறார் என்று நினைத்தேன்.

மண் பூசியிருக்கிறார்கள் பாய் என்று சொன்னேன். அவர் நன்றாகப் பார்த்தீர்களா என்று ஒரு தடவை கேட்டார். மடிப்பை விரித்து அவருக்கும் காட்டினேன். தொப்பியை டப்பாவில் வைத்து மூடினார். நான் போட்ட தேநீரைக் குடிக்காமல் போய்விட்டார். கடைக்காரர் ஒருவர் தேநீரைக் குடிக்காமல் எழுந்து போனால் மனசு எவ்வளவு கெட்டிருக்க வேண்டும்.

ஆனால் எனக்கும் அது சரியாகப் படவில்லை. பல்லிடுக்கில் ஏதோ மாட்டிக்கொண்டதைப்போல உறுத்திக்கொண்டே இருந்தது. பழசாக்குகிறவன் மண்ணைப் பார்வை படுகிற இடத்தில் அல்லவா பூசுவான்? இதில் வெளிப்புறம் சுத்தமாக இருந்தது. துடைத்தெடுத்ததைப்போல இருந்தது. மண்ணைப் பூசிவிட்டு அதைத் துடைக்கிறவன் எதற்குப் பூச வேண்டும்? தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. பாய்க்குப் போன் செய்து கேட்கலாம் என்றால், தீர்ப்புச் சொன்ன வாயால் எப்படிக் கேட்பது என்று கௌரவம் தடுத்தது.

போன் அங்கிருந்தே வந்தது. பாய் இல்லை, அவர் மனைவி. பெக்கான் நானாஸ் பக்கம் பிறந்த பெண், அதிகம் பேசமாட்டார். தயங்கித் தயங்கித்தான் சொன்னார்.

"அக்கா, அந்த மண்ணு நான் போட்டது."

வெளிநாட்டிலிருந்து எந்தத் தொப்பி வந்தாலும், பாய் கடையில் இருக்கும் நேரம் பார்த்து அவர் அதைச் சாமாக் செய்துவிடுவாராம். நாய் நக்கிய பொருளாகவோ பன்றி பட்ட பொருளாகவோ இருந்தால், அதை ஏழு தடவை கழுவி, அதில் ஒரு தடவை சுத்தமான மண் கலந்த தண்ணீரால் கழுவுவது அவர்கள் முறை. அதற்கென்றே களிமண் சவுக்காரம் கடையில் விற்கிறது. ஆஸ்திரேலியத் தொப்பி வந்தபோது அதில் நாய் முடி ஒட்டிக்கொண்டிருந்ததாம். அன்றிலிருந்து வருகிற தொப்பிக்கெல்லாம் இதுதான் வரவேற்பு. முக்கி அலசினால் கம்பளி கெட்டுவிடும் என்று மண் தண்ணீரை மெதுவாக ஒற்றி, பிறகு நல்ல தண்ணீரால் ஒற்றி ஒற்றித் துடைப்பாராம். தொப்பியில் தண்ணீர் பட்டது தெரிந்தால் பாய் துடித்துப்போவார் என்று சொல்லாமலே வைத்திருந்திருக்கிறார். மனுஷன் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்றதும் தாங்காமல் எனக்குப் போன் செய்துவிட்டார்.

நான் வாய்விட்டுச் சிரித்தேன். அந்தப் பெண்ணுக்கு என் சிரிப்பு பிடிக்கவில்லை போலிருக்கிறது. தொழிற்சாலையில் எத்தனையோ அழுக்கைப் பார்த்தவள் நான், சுத்தம் செய்ததால் வந்த அழுக்கை அன்றைக்குத்தான் பார்த்தேன். இரண்டு பேரும் தொப்பியை எடுத்துக்கொண்டு உடனே வாருங்கள் என்றேன்.

வந்தார்கள். பாய்க்கு அதற்குள் விஷயம் தெரிந்திருந்தது. மனைவிமேல் கோபப்படுவதா, சந்தோஷப்படுவதா என்று முடிவு செய்யாத முகத்தோடு இருந்தார். மெல்லிய தூரிகையால் மண்ணை எடுத்தேன். அடியில் வேறு மண் இல்லை. துணியின் இழைக்குள் ஊறிப்போன பழைய பழுப்புதான் இருந்தது. வியர்வை உள்பட்டையிலிருந்து கம்பளிக்கு ஏறி, நெற்றி இருக்கும் இடத்தில் மட்டும் வெளியே ஒரு அலைக்கோடு போட்டிருந்தது. அதை யாராலும் பூசிக் கொண்டுவர முடியாது. மிச்சம் இருந்தது தோல் பட்டை ஒன்றுதான். கண்ணில் வைத்துப் பார்க்கும் சின்ன உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்தேன்.

போலித் தோலாக இருந்தால் மேலே அச்சுப் போட்ட கோலம் வரும். ஒரே கோலம் திரும்பத் திரும்ப வரும். இதில் அப்படி இல்லை. முடி முளைத்த துளைகள் மும்மூன்றாகச் சேர்ந்து, சின்னச் சின்ன முக்கோணமாக, ஒழுங்கில்லாமல் சிதறிக் கிடந்தன. மாட்டுத்தோலில் துளைகள் இப்படிக் கூட்டமாக இருக்காது. ஆட்டுத்தோலில் வேறு மாதிரி இருக்கும். போர்க்காலத்தில் ஜப்பானில் தோலுக்குத் தட்டுப்பாடு, தொப்பிக்குள் எதை வைத்துத் தைத்தார்கள் என்று நான் படித்திருக்கிறேன். இந்த முக்கோணம் இருந்ததால்தான் இது உண்மையான தொப்பி என்று எனக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்தது. அது பன்றித்தோல் என்பதும் அதே நொடியில் தெரிந்தது.

கண்ணாடியைக் கண்ணிலிருந்து எடுக்காமலே கொஞ்ச நேரம் குனிந்திருந்தேன். நிமிர்ந்தால் சொல்ல வேண்டும். போலி என்று சொல்லிவிட்டால் அவர் இதை அலமாரியில் ஒரு மூலையில் வைத்துக்கொள்வார். உண்மை என்று மட்டும் சொல்லி வாயை மூடிக்கொண்டால், நடுவில் வைத்துக் கொண்டாடுவார். யாருக்கும் தெரியப் போவதில்லை. ஆனால் அது அவருடைய ஈமான், நான் ஒளித்து வைத்து விளையாடுகிற பொருள் இல்லை. நல்ல சேதியை முதலில் சொன்னேன். அந்த ஒரு நிமிஷமாவது அவருக்கு முழுசாக இருக்கட்டும் என்று நினைத்தேன்.

"ஒரிஜினல், பாய்."

அவர் எழுந்தே நின்றுவிட்டார். மனைவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கண் கலங்கிவிட்டது. அந்தக் குழுவில் சிரித்தவன் ஒவ்வொருவனுக்கும் படம் அனுப்பப்போகிறேன் என்றார். தொப்பியை இரண்டு கையாலும் எடுக்கப் போனார். அப்போது நான் தோலைப் பற்றிச் சொன்னேன். நீட்டிய கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். அவரை அறியாமலே செய்தது அது. நான் அதைப் பார்த்ததைப் பார்த்துவிட்டு, மெதுவாக உட்கார்ந்தார்.

அவர் மனைவிதான் முதலில் தெளிந்தார். பட்டை உள்ளே இருக்கும்வரை எத்தனை தடவை கழுவினாலும் கழுவாததுதான் என்றார். கை கழுவ என் பூந்தொட்டி மண்ணை எடுத்துக்கொள்ளலாமா, உரம் போட்டிருக்கிறீர்களா என்று கேட்டார். ஆட்டுப் புழுக்கை போட்டிருக்கிறேன் என்றேன். அப்படியென்றால் வீட்டில் போய்ப் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லி, கணவரைக் கிளப்பினார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே பாய் சொன்னார்:

"போலி ரெண்டையும் வீட்டுல வச்சிருந்தேன் அக்கா, ஒரு பிரச்சினையும் இல்ல. நெசம் வந்துச்சு, வைக்க முடியல பாருங்க."

தொப்பி உங்களிடமே இருக்கட்டும், நான் வந்து வந்து பார்த்துக்கொள்கிறேன் என்று கெஞ்சுகிற குரலில் கேட்டார். நான் தாராளமாக என்று சொல்லிவிட்டேன். வீட்டில் இன்னொருவர் இருக்கிறார் என்பதே என் நினைப்பில் இல்லை.

என் வீட்டுக்காரருக்குச் சிங்கப்பூரில் வேலை. விடிவதற்கு முன்னால் மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டிப் போய், சாயங்காலம் முகமெல்லாம் புகையோடு வருவார். லேசில் மறுப்புச் சொல்லாத மனுஷன். அன்று வந்து, குளித்து, மேசையில் இருந்த தொப்பியைப் பார்த்துப் பாய் மறுபடியும் ஏமாந்தாரா என்று கேட்டார். இல்லை, இது உண்மையானது, இனிமேல் நம் வீட்டில்தான் இருக்கும் என்றேன். அவர் துண்டைக் கையில் பிடித்தபடி நின்றார்.

அவருடைய தாத்தா சாஆ என்ற ஊர்ப் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தவர். ஜப்பான்காரன் சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்தபோது அவரையும் கொண்டுபோனார்கள். திரும்பி வரவில்லை. எங்கே செத்தார், எப்போது செத்தார் என்று யாரும் வந்து சொல்லவும் இல்லை. அதனால் அந்த வீட்டில் அவருக்குத் திதி கொடுக்கத் தேதியே கிடையாது. தீபாவளிப் படையலில் சேர்த்துக் கும்பிடுவதோடு சரி. இதெல்லாம் எனக்குத் தெரியும். கல்யாணமான புதிதிலேயே கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஆனால் அவர் அதைப் பற்றித் தானாகப் பேசி நான் கேட்டதில்லை.

"இது வேணாம்மா," என்றார்.

எனக்குக் கோபம்தான் வந்தது. வரவேற்பறையில் இருக்கும் போலித் தொப்பியைக் காட்டி, அதே நட்சத்திரம்தானே, அதை மட்டும் வாராவாரம் தூசி தட்டுகிறீர்களே என்று கேட்டேன். அவர் அந்தப் போலியைப் பார்த்தார், மேசையில் இருந்ததைப் பார்த்தார்.

"அத யாரும் தலையில போடலியே," என்றார்.

தொப்பியை டப்பாவோடு கொண்டுபோய் என் காரின் பின்பக்கத்தில் வைத்தேன். ஒரு வீட்டில் உள்பட்டையால் இடமில்லை, இன்னொரு வீட்டில் அதைப் போட்டிருந்த தலையால் இடமில்லை. ஸ்கூடாய் வெயிலில் கார் கொதித்தது. கம்பளி என்னாகுமோ என்று நான் கடைக்குப் போகும்போதெல்லாம் நிழல் தேடி நிறுத்தினேன்.

பாயிடம் விஷயத்தைச் சொன்னபோது அவர் என் வீட்டுக்காரரைப் பற்றி ஒரு வார்த்தை தவறாகப் பேசவில்லை. நியாயம்தானே என்றார். குழுவில் ஒருவர் தொப்பியை வாங்கிக்கொள்ளக் காத்திருந்தார். அவரிடம் கொடுத்துவிடலாமே என்று கேட்டேன். விற்கவா இத்தனை வருஷம் தேடினேன் என்று சொல்லிவிட்டு, பாய் பள்ளிவாசல் உஸ்தாஸைப் போய்க் கேட்டுவந்தார். தோலை முழுசாக எடுத்துவிட்டு, துணியை முறைப்படி கழுவினால் வைத்துக்கொள்ளலாம் என்று அவர் சொல்லியிருக்கிறார். அந்தப் பட்டையை நீங்கள்தான் பிரித்துத் தர வேண்டும் அக்கா என்றார் பாய்.

முடியாது என்றேன். உண்மை என்று எதை வைத்துச் சொன்னேனோ அதையே என்னைப் பிரித்தெடுக்கச் சொல்கிறீர்களா என்று கத்தினேன். அந்தத் தையல் போட்டது போட்டபடி எண்பது வருஷம் இருந்திருக்கிறது. பிரித்துவிட்டால் திரும்ப யாராலும் அப்படிப் போட முடியாது. பட்டை இல்லாத தொப்பியைச் சேர்க்கிறவர்கள் யாரும் மதிக்கமாட்டார்கள் என்று அடுக்கிக்கொண்டே போனேன். பாய் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"அவங்க மதிக்கணும்னு மொதல்ல நெனச்சேன் அக்கா. இப்ப அது கார்லயே கெடந்து சாவுதேன்னுதான் இருக்கு."

சரி என்றேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கார் நிறுத்தும் இடத்திலேயே மேசை போட்டேன். வீட்டுக்குள் கொண்டுபோகவில்லை. பாய் எதிரில், கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். வீட்டுக்காரர் கொஞ்சம் தள்ளி மோட்டார் சைக்கிளுக்கு எண்ணெய் மாற்றிக்கொண்டிருந்தார். எங்கள் பக்கம் திரும்பவில்லை. தையல் பிரிக்கும் ஊசியை எடுத்து, பின்பக்கத்திலிருந்து ஒவ்வொரு தையலாக அறுத்தேன். தைத்தவன் கை சீரான கை. ஒரு இடத்தில் மட்டும் நூல் தீர்ந்து புதிதாகத் தொடங்கியிருக்கிறான். பட்டை விலக விலக, அடியில் இருந்த கம்பளி தெரிந்தது. பின்பக்கத்தில் வெயிலும் வியர்வையும் படாமல், கடையில் அன்றைக்கு வாங்கிய துணியைப்போல அடர்ந்த பச்சையாக இருந்தது. பாய் மூச்சை இழுத்தார்.

நெற்றிக்கு நேராக வந்ததும் ஊசியை நிறுத்தினேன். பட்டைக்கும் துணிக்கும் நடுவில் மடிப்புக்குள் முடி இருந்தது. நாலைந்து முடி, கறுப்பாக, நேராக, ஒட்ட வெட்டியது. ஒன்று தோலோடு ஒட்டிக்கொண்டிருந்தது. ஊசி முனையால் எடுத்து வெள்ளைத் தாளில் வைத்தேன். அத்தனை நாளாக நூலையும் துளையையும் பார்த்தேனே தவிர, இதற்குள் ஒரு தலை இருந்தது என்று நான் நினைத்ததே இல்லை. என் வீட்டுக்காரர் பார்த்த மாத்திரத்தில் நினைத்தார்.

அவனுடையதா என்று பாய் கேட்டார். கறுப்பு, நேர், குட்டை, அதற்குமேல் எனக்குத் தெரியாது என்றேன். அமெரிக்காவில் எத்தனை பேர் விளையாட்டுக்கு எடுத்துத் தலையில் மாட்டிப் பார்த்தார்களோ என்று சொல்ல வாயெடுத்தேன். நிமிர்ந்தபோது வீட்டுக்காரர் எண்ணெய்க் கையோடு எனக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டேன். என் வாழ்க்கையில் நான் வாயைக் கட்டியது அந்த ஒரு தடவைதான் என்று நினைக்கிறேன்.

மனுஷன் முடி, குப்பையில் போடக் கூடாது, எங்களவர்கள் மண்ணில் புதைத்துவிடுவார்கள் என்றார் பாய். அதைச் சொல்லிவிட்டு என் வீட்டுக்காரரைப் பார்க்கத் தயங்கினார். நானும் தயங்கினேன். வீட்டுக்காரர் கொல்லைப்பக்கம் போனார். கோபித்துக்கொண்டு போகிறார் என்றுதான் நினைத்தேன். மண் கொத்தும் சங்கோலோடு திரும்பி வந்தார். வேலியோரம் எலுமிச்சைச் செடிக்குப் பக்கத்தில் இரண்டு கொத்துக் கொத்தினார். அது போதும் என்றேன். அவர் காதில் வாங்காமல் இன்னும் ஆழமாகக் கொத்தினார். நான் தாளை மடித்து வைத்தேன். யாருக்கு என்ன சொல்லிப் புதைப்பது என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியவில்லை. அவரே மண்ணைத் தள்ளி, காலால் மிதிக்காமல் கையால் அமுக்கி மூடினார்.

தொப்பியைப் பாயின் மனைவி இந்த முறை யாருக்கும் ஒளிக்காமல் மண் தண்ணீரால் கழுவி, துணி சுருங்காமல் ஒரு கிண்ணத்தின்மேல் கவிழ்த்துக் காயவைத்தார். இப்போது அது பாய் கடை அலமாரியில், கூர்க்காத் தொப்பிக்குப் பக்கத்தில் இருக்கிறது. உள்பட்டை இல்லை என்று பாயே கேட்கிறவர்களிடம் சொல்லிவிடுவார். ஏன் இல்லை என்றால் அதையும் சொல்வார். குழுவில் இதைப் பாதித் தொப்பி என்றுதான் எழுதினார்கள். நான் பதில் எழுதப் போனேன், பாய் வேண்டாம் என்றுவிட்டார். பட்டை மட்டும் என்னிடம் ஒரு பையில் இருக்கிறது. அதை வைத்துக்கொள்ளலாமா என்று வீட்டுக்காரரைக் கேட்டேன். பன்றி என்ன பாவம் செய்தது என்றார்.

ஞாயிற்றுக்கிழமை தோசைக்குப் போவது நிற்கவில்லை. ஆனால் என் வீட்டுக்காரர் கல்லாவுக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவார். நானும் பாயும் அதைக் கண்டும் காணாததுபோல இருந்தோம். போன மாதம் ஒரு நாள், தோசை வைத்த தட்டை அப்படியே விட்டுவிட்டு எழுந்துபோனார். அலமாரியைத் திறந்து காட்டச் சொல்லிப் பாயிடம் கேட்டார். பாய் ஜப்பான்காரன் தொப்பியை எடுத்துக் கொடுத்தார். அவர் அதை முஷ்டிமேல் கவிழ்த்து, மற்ற கையால் விளிம்பைச் சுற்றித் தடவிப் பார்த்தார்.

"சின்னத் தலை பாய். பையனாத்தான் இருந்திருப்பான்," என்றார்.

பாய் ஆமாம் என்று தலையாட்டினார்.

"எங்க தாத்தாவுக்கு ஒரு பிடி மண்ணு யாரு போட்டாங்களோ."

தொப்பியை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். அன்று அவர் தோசையைத் தொடவில்லை. நானும் சாப்பிடச் சொல்லவில்லை.